பிசிஓஎஸ்: மெட்பார்மினை விட்டுவிட்டு பெர்பெரின், கழற்சிக்காய் என்று போகலாமா?

பாயான்லெப்பாஸ்_பொண்ணு எழுதியது:

வணக்கம். விஷயம் தெரிந்தவர்கள் யாராவது பதில் சொல்லுங்கள், ஆளுக்கொன்று சொல்லி மண்டை காய்கிறது.

எனக்கு வயது 28. பினாங்கு பாயான் லெப்பாஸில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் ஷிப்ட் வேலை. பிசிஓஎஸ், அதாவது சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை என்று சொல்லி டாக்டர் மெட்பார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை 850 மில்லிகிராம் காலையும் இரவும் எழுதிக் கொடுத்திருக்கிறார். அதைப் போட்டால் வயிறு கலக்குகிறது, லைனில் நிற்கும்போது நினைத்த நேரத்துக்கு டாய்லெட் ஓட முடியாது, அதனால் பகல் ஷிப்ட் வந்தால் காலை மாத்திரையை விட்டுவிடுவேன். உதட்டுக்கு மேலே முடி, தாடையில் பரு, மாதவிலக்கு எப்போது வரும் என்று அதற்கே தெரியாது. கேட்டால் உடம்பைக் குறையுங்கள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள்.

அம்மா லெபோ குவீன் பக்கம் நாட்டு மருந்துக் கடையில் கழற்சிக்காய்ப் பொடி வாங்கி வந்து, மிளகோடு சேர்த்து வெறும் வயிற்றில் சாப்பிடு, நீர்க்கட்டி கரைந்துவிடும் என்கிறார். அக்கா ஆன்லைனில் பெர்பெரின் கேப்சூல் வாங்கித் தந்துவிட்டாள், “இயற்கை மெட்பார்மின்” என்று பாட்டில் மேலேயே போட்டிருக்கிறது. கூட வேலை செய்யும் மலாய்த் தோழி காச்சிப் பாத்திமா என்ற மலாய் மூலிகையைக் குடி என்கிறாள். இது போதாது என்று மலேரியா மருந்து ஒன்று பிசிஓஎஸ்ஸுக்குக் கேட்கிறது, அதுவும் ஒரு செடியிலிருந்துதான் வருகிறது என்று வேறு எங்கோ படித்தேன்.

இதில் எதற்காவது உண்மையான ஆதாரம் இருக்கிறதா? மெட்பார்மினை நிறுத்திவிட்டு பெர்பெரினுக்கு மாறலாமா, இரண்டையும் சேர்த்தே எடுக்கலாமா? அடுத்த வருடம் தைக்குப் பிறகு கல்யாணம், அம்மாவுக்கு அதனால்தான் இத்தனை அவசரம். சும்மா “டாக்டரைப் பாருங்கள்” என்று மட்டும் எழுதாதீர்கள் ப்ளீஸ், பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.


புதினா_டீ எழுதியது:

தங்கச்சி, நான் பிரிக்பீல்ட்ஸ். எனக்கும் இதே கதைதான், வயது மட்டும் உன்னைவிடக் கூட. நான் புதினா டீ குடிக்கிறேன், காலையும் சாயங்காலமும். பாசாரில் ஒரு கட்டு வாங்கிக் கழுவி, கொதிக்கும் தண்ணீரில் போட்டு மூடி வைத்து, சீனி இல்லாமல் குடிப்பது. இங்கிலாந்தில் பிசிஓஎஸ் உள்ள 42 பெண்களை வைத்து 30 நாள் பார்த்திருக்கிறார்கள், 2010இல் வந்த ஆய்வு, ஒரு குழுவுக்குப் புதினா டீ, இன்னொன்றுக்கு வேறு மூலிகை டீ. புதினா குடித்தவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் குறைந்தது. ஆனால் முடி குறைந்ததா என்று டாக்டர்கள் அளந்து பார்த்ததில் வித்தியாசம் இல்லை. முப்பது நாளில் முடி குறையாதுதான், ஒரு முடி வளர்ந்து விழுந்து மறுபடி முளைக்கவே மாதக் கணக்கில் ஆகும்.

எனக்குப் பரு கொஞ்சம் அடங்கின மாதிரி இருக்கிறது, அது டீயாலா, சீனியை விட்டதாலா என்று தெரியாது. முடிக்கு நான் திரெடிங்தான். அதற்கு டீயை நம்பி உட்கார்ந்திருக்கவில்லை. பிடித்திருக்கிறது, குடிக்கிறேன், அவ்வளவுதான் என் ஆதாரம்.

சூப்பர்மார்க்கெட் டீ பேக் வாங்கினால் பார்த்து வாங்கு, பெப்பர்மின்ட் என்று போட்டிருப்பது வேறு செடி. ஆய்வு செய்தது ஸ்பியர்மின்ட், நாம் சட்னி அரைக்கும் புதினா அந்த இனம்தான்.

கழற்சிக்காய் எனக்கும் கொடுத்தார்கள். அந்தக் கசப்பு. மூன்று கிண்ணம் பாயசம் குடித்தாலும் நாக்கை விட்டுப் போகாது லா.


மருந்துக்கடை_அண்ணன் எழுதியது:

செந்தூலில் பார்மசிஸ்டாக இருக்கிறேன். பெர்பெரின் பற்றி வாரத்துக்கு ஒருவராவது வந்து கேட்கிறார்கள், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பெர்பெரின் சும்மா விளம்பரச் சரக்கு என்று நான் சொல்லமாட்டேன். நம் ஊரில் மரமஞ்சள் என்று சொல்கிறோமே, அதில் இருக்கிறது. சீனர்களின் ஹுவாங் லியன் வேரிலும் இருக்கிறது. சமையல் மஞ்சளில் கிடையாது, இரண்டையும் குழப்பிக்கொண்டு வருபவர்கள் நிறைய. செல்லுக்குள் ஏஎம்பிகே என்று ஒரு என்சைம் உண்டு, சக்தி குறைகிறது என்று தெரிந்தால் சர்க்கரையை உள்ளே இழு, கல்லீரலில் புதிதாகச் சர்க்கரை செய்வதை நிறுத்து என்று உத்தரவு போடுவது அது. மெட்பார்மினும் பெர்பெரினும் இரண்டுமே அதைத் தூண்டுகின்றன. பிசிஓஎஸ் உள்ள பலருக்கு இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் உடம்பு அதை அளவுக்கு மேல் சுரக்கும், அந்த அதிகப்படி இன்சுலின் சினைப்பையைத் தூண்டி ஆண் ஹார்மோனைக் கூட்டும், கல்லீரலில் அந்த ஹார்மோனைக் கட்டி வைக்கும் புரதத்தையும் குறைத்துவிடும். முடி, பரு, தள்ளிப்போகும் மாதவிலக்கு எல்லாம் பெரும்பாலும் அங்கிருந்துதான். ஆக, இன்சுலினைக் குறைக்கும் எதுவும் ஓரளவு உதவத்தான் வேண்டும், அந்தக் கணக்கு சரி.

ஆனால் குழந்தை வேண்டும் என்று வரும்போது கணக்கு மாறுகிறது. சீனாவில் 644 பெண்களை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடத்தி 2016இல் வெளியிட்டார்கள். லெட்ரோசோல் என்ற கருமுட்டை தூண்டும் மருந்து மட்டும் எடுத்தவர்களில் 36 சதவீதம் பேருக்குக் குழந்தை பிறந்தது. லெட்ரோசோலும் பெர்பெரினும் சேர்த்து எடுத்தவர்களில் 34 சதவீதம். பெர்பெரின் மட்டும் எடுத்தவர்களில் 22. அதாவது நல்ல மருந்தோடு சேர்த்ததில் ஒரு லாபமும் இல்லை, தனியாக எடுத்தால் பின்தங்குகிறது. இத்தனை பேரை வைத்து நடந்த மூலிகை ஆய்வு பிசிஓஎஸ்ஸில் அபூர்வம், அதனால் எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. பாட்டில் மேல் எழுதுபவர்கள் இதை எழுதமாட்டார்கள்.

இப்போது உங்கள் கேள்வி. மெட்பார்மின் வயிற்றைக் கலக்குகிறது என்பதால் பெர்பெரினுக்கு மாறுவதில் அர்த்தம் இல்லை, ஏனென்றால் பெர்பெரினும் வயிற்றைத்தான் கலக்கும், சிலருக்கு மலச்சிக்கல், சிலருக்குப் பேதி. நூறில் ஒரு பங்குகூட ரத்தத்துக்குப் போகாது, மிச்சமெல்லாம் குடலிலேயே நிற்கும். இரண்டையும் சேர்த்தால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள், அதுவும் லைனில் நின்றுகொண்டு. மெட்பார்மினுக்கு மெதுவாகக் கரையும் எக்ஸ்ஆர் வகை இருக்கிறது, இரவுச் சாப்பாட்டோடு ஒரே வேளையாகப் போடலாம், சின்ன அளவில் தொடங்கி ஏற்றினால் பெரும்பாலோருக்கு வயிறு பழகிவிடும். அடுத்த முறை டாக்டரிடம் அதைக் கேளுங்கள். “எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை” என்று பொதுவாகச் சொல்லாமல், பகல் ஷிப்ட் நாட்களில் போடுவதே இல்லை என்று உள்ளதைச் சொல்லுங்கள். அவர் நீங்கள் தினமும் இரண்டு வேளை போடுவதாக நினைத்துக்கொண்டுதான் அடுத்த முடிவை எடுப்பார்.

கல்யாணம் என்றீர்கள், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். கர்ப்பத்தில் பெர்பெரின் வேண்டவே வேண்டாம். பிறந்த குழந்தையின் ரத்தத்தில் மஞ்சள் காமாலைக்குக் காரணமான பிலிருபினை அது அவிழ்த்துவிடும், ஜி6பிடி என்ற என்சைம் குறைபாடு உள்ள குழந்தைக்கு அது மூளை வரை போகலாம் என்பதுதான் பயம். சிங்கப்பூரில் இதற்காகவே 1978இல் தடை செய்து, பல ஆண்டுகள் கழித்துத்தான் தளர்த்தினார்கள். நம் நாட்டில் குழந்தை பிறந்ததும் தொப்புள்கொடி ரத்தத்தில் ஜி6பிடி பார்க்கிறார்களே, குறைபாடு இங்கே அவ்வளவு சகஜம். பிசிஓஎஸ்ஸில் ஒரு சிக்கல், மருந்தோ மூலிகையோ வேலை செய்து முட்டை வெளிவர ஆரம்பித்தால் மாதவிலக்கு வருவதற்கு முன்பே கரு தங்கிவிடலாம். எப்போதும்போல் தள்ளிப்போகிறது என்று நினைத்துக்கொண்டு கேப்சூலை விழுங்கிக்கொண்டே இருப்பீர்கள்.

வேறு மாத்திரை எடுப்பவர்கள் யாராவது இதைப் படித்தால்: கல்லீரலில் மருந்துகளைச் சிதைக்கும் என்சைம்கள் சிலவற்றை பெர்பெரின் தடுக்கும். மாற்றுச் சிறுநீரகம் வைத்தவர்களின் சைக்ளோஸ்போரின் அளவு கூடிவிடும். கொலஸ்டிரால் மாத்திரை சிலவற்றுக்கும் அப்படித்தான்.

கடைசியாக, அந்தப் பாட்டிலைத் திருப்பி மால் எண், அதாவது அரசாங்கப் பதிவு எண் இருக்கிறதா பாருங்கள்.


பத்துமலை_அத்தை எழுதியது:

மருந்துக்கடைத் தம்பி நன்றாகத்தான் எழுதியிருக்கிறார், ஆனால் நீங்கள் எல்லாரும் சேர்ந்து கழற்சிக்காயை இப்படி ஒதுக்குவது எனக்குச் சம்மதமில்லை. எங்கள் தோட்டத்தில் பிரசவம் பார்த்த ஆயாக்கள் எல்லாம் எந்த ஆய்வைப் படித்தார்கள்? கழற்சிக்காய், தண்ணீர்விட்டான் கிழங்கு, அசோகப்பட்டை என்று சித்தர்கள் காலத்திலிருந்து வருவது. அப்புறம் உங்கள் மெட்பார்மினே ஒரு செடியிலிருந்து வந்ததுதானே? செடியில் இருந்தால் நாட்டு வைத்தியம், மாத்திரையில் அடைத்தால் அறிவியல், இது என்ன நியாயம்?

மகளே, அம்மா சொல்வதைக் கேள். கூடவே வெந்தயத்தை இரவில் ஊறப்போட்டுக் காலையில் சாப்பிடு. தப்பில்லை.


ஆய்வுக்கூட_எலி எழுதியது:

அத்தை கேட்டதில் பாதி நியாயம் இருக்கிறது, அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன். (நான் கேஎல்லில் தாவர வேதியியலில் முதுகலை முடித்துவிட்டு மேற்கொண்டு அதிலேயே இருக்கிறேன். டாக்டர் இல்லை.)

ஐரோப்பாவில் கலேகா அஃபிசினாலிஸ் என்ற செடியை அதிகமாகச் சிறுநீர் போகும் நோய்க்கு இடைக்காலத்திலேயே கொடுத்தார்கள். அதில் இருந்த பொருள் கலேகின், சர்க்கரையைக் குறைத்தது உண்மை, ஆனால் விஷம், அந்தச் செடியை மேய்ந்த ஆடுகள் செத்திருக்கின்றன. அந்த வகைப் பொருளை மாற்றி மாற்றிச் செய்து பார்த்ததில் 1922இல் டப்ளினில் மெட்பார்மின் கிடைத்தது, பாரிஸில் ஜான் ஸ்டெர்ன் என்ற டாக்டர் 1957இல் சர்க்கரை நோயாளிகளுக்குக் கொடுத்து வெளியிட்டார். எவ்வளவு கொடுத்தால் பலன், எவ்வளவில் ஆபத்து, யாருக்குக் கூடாது, நீண்ட நாள் எடுத்தால் பி12 குறையும் என்பது வரை இன்று தெரியும். கழற்சிக்காய்க்கு இந்த வேலையைத்தான் யாரும் இன்னும் முடிக்கவில்லை. வேலை செய்யாது என்று நான் சொல்லவில்லை அத்தை. எலிகளில் பார்த்திருக்கிறார்கள், சில நல்ல அறிகுறிகளும் உண்டு.

எலி என்றதும் ஒன்று. ஆய்வுக்கூடத்தில் எலிக்கு பிசிஓஎஸ் வரவழைக்க ஒரு வழி, தினமும் லெட்ரோசோல் கொடுப்பது. அண்ணன் மேலே சொன்னாரே, பெண்களுக்கு முட்டை வரவழைக்கக் கொடுக்கும் அதே லெட்ரோசோல்! விடாமல் கொடுத்தால் எலியின் சினைப்பையில் ஆண் ஹார்மோன் தேங்கி நோய் வருகிறது, சுழற்சியின் தொடக்கத்தில் ஐந்து நாள் மட்டும் கொடுத்தால் பெண்ணுக்கு முட்டை வருகிறது. அதனால் “எலிகளில் நீர்க்கட்டி மறைந்தது” என்று யாராவது பகிர்ந்தால் நான் உடனே துள்ளுவதில்லை. பிசிஓஎஸ்ஸில் ஸ்கேனில் தெரிவதும் கரைய வேண்டிய கட்டிகள் இல்லை, வளர்ச்சி பாதியில் நின்ற முட்டைப்பைகள். அவற்றின் எண்ணிக்கை மட்டும் குறைவதால் உங்களுக்கு என்ன கிடைக்கும்? மாதவிலக்கு ஒழுங்கானதா, ஹார்மோன் குறைந்ததா, குழந்தை பிறந்ததா என்று பார்த்தவர்கள் ஆய்வைத்தான் கேட்க வேண்டும்.

காச்சிப் பாத்திமாவுக்கும் அதே நிலைமை. ஸ்வீடனில் பிசிஓஎஸ் எலிகளுக்கு நம் நாட்டுச் செடியைக் கொடுத்து இன்சுலின் வேலை செய்வது மேம்பட்டதாக 2010இல் எழுதினார்கள். நமக்குப் பெருமைதான். ஆனால் கடையில் தோழி வாங்கிக் குடிப்பது அநேகமாக அந்த த்ரீ-இன்-ஒன் கலவைக் கோப்பியாக இருக்கும், அதில் மூலிகையைவிடச் சீனி அதிகம். பிசிஓஎஸ்ஸுக்கு நல்லது என்று சொல்லி சீனித் தண்ணீர் குடிப்பதை என்னவென்று சொல்வது.

மலேரியா மருந்துச் செய்திக்கு வருகிறேன், எனக்கு உண்மையிலேயே பரவசம் தந்தது அதுதான். ஆர்டிமிசினின். சீனாவின் சிங்ஹாவ் செடி, ஆர்டிமிசியா அன்னுவா, அதிலிருந்து பிரித்தெடுத்ததற்குத்தான் தூ யோயோ 2015இல் நோபல் வாங்கினார். 2024 ஜூனில் ஷாங்காய் ஃபூடான் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் சயின்ஸ் இதழில் எழுதியது இது: சினைப்பைச் செல்கள் கொலஸ்டிராலை எடுத்து ஹார்மோன் செய்கின்றன, அதில் முதல் வெட்டை வெட்டும் என்சைம் சிஒய்பி11ஏ1. செல்லுக்குள் பழுதான புரதங்களைத் தின்று சுத்தம் செய்யும் இன்னொரு புரதம் இருக்கிறது, எல்ஓஎன்பி1. ஆர்டிமிசினின் வகைப் பொருள் இந்த இரண்டையும் ஒட்ட வைத்துவிடுகிறது. ஒட்டியதும் எல்ஓஎன்பி1 அந்த என்சைமைத் தின்றுவிடும், ஆண் ஹார்மோன் உற்பத்தி முதல் படியிலேயே குறையும். இன்சுலின் வழியாகச் சுற்றி வராமல் சினைப்பையிலேயே நேராகக் கை வைப்பது. எலிகளில் பார்த்துவிட்டு, 19 பெண்களுக்கு டைஹைட்ரோ ஆர்டிமிசினின் 12 வாரம் கொடுத்தார்கள். டெஸ்டோஸ்டிரோன் இறங்கியது, ஏஎம்எச் என்ற சினைப்பை ஹார்மோனும் இறங்கியது, 12 பேருக்கு மாதவிலக்கு ஒழுங்கானது.

பத்தொன்பது பேர். வெறும் மாத்திரை கொடுத்து ஒப்பிட ஒரு குழு கிடையாது. அவர்கள் அதை ஒரு தொடக்கமாகத்தான் வெளியிட்டார்கள், “குணப்படுத்துகிறது” என்றது செய்தி போட்டவர்கள் கைவரிசை. இதை நம்பி ஆன்லைனில் ஆர்டிமிசியா டீ வாங்கிவிடாதீர்கள். இலைக்கு இலை அளவு மாறும், அந்த ஆய்வில் கொடுத்தது சுத்திகரித்த மருந்து. மலேரியாவுக்கே அந்த இலையைக் குடிக்க வேண்டாம் என்றுதான் உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. கண்டபடி குறைந்த அளவில் எல்லாரும் எடுத்தால் மலேரியாக் கிருமி பழகிக்கொள்ளும் என்ற கவலையும் உண்டு, சபாவில் குரங்கு மலேரியா வந்தால் நாம் நம்பியிருப்பது இந்த வகை மருந்தைத்தான்.

மற்றதைச் சுருக்கமாக. பட்டை: அமெரிக்காவில் தினம் 1.5 கிராம், ஆறு மாதம், மாதவிலக்கு கூடுதல் முறை வந்தது, ஆனால் 45 பேரில் தொடங்கி 17 பேர்தான் கடைசி வரை இருந்தார்கள். நம் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் கேசியா பட்டை, அதில் கூமரின் அதிகம், கல்லீரலுக்கு ஆகாது, குழம்பில் போடும் அளவு பரவாயில்லை, ஸ்பூன் ஸ்பூனாகத் தின்னக் கூடாது. திராட்சைத் தோலில் உள்ள ரெஸ்வெராட்ரால்: போலந்தில் 30 பெண்களை வைத்துச் செய்த ஆய்வு, ஒரு குழுவுக்குத் தினம் 1500 மில்லிகிராம், மூன்று மாதத்தில் அவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் 23 சதவீதம் குறைந்தது, நல்ல முடிவுதான், ஆனால் திராட்சை சாப்பிட்டு அந்த அளவை யாராலும் எட்ட முடியாது. அதிமதுரம்: ஆண் ஹார்மோனைக் கொஞ்சம் குறைக்கும், கூடவே ரத்த அழுத்தத்தை ஏற்றி பொட்டாசியத்தை இறக்கும். மஞ்சள் கேப்சூல்: சர்க்கரையில் சின்ன முன்னேற்றம் காட்டிய ஆய்வுகள் உண்டு, அதே சமயம் கல்லீரல் பாதிப்பு பற்றி ஆஸ்திரேலியாவில் 2023இல் எச்சரித்தார்கள், உறிஞ்சப்படுவதைக் கூட்ட மிளகுச் சத்து சேர்த்த வகைகளில் கவனம் வேண்டும் என்றும் சொன்னார்கள். வெந்தயம் சாப்பாட்டில் தாராளமாக, அத்தை சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. கேப்சூலாக விற்கும் வெந்தயச் சாற்றை வைத்து இந்தியாவில் செய்த ஆய்வைக் காட்டுவார்கள், அதில் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழுவே இல்லை.

இனோசிட்டால் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆச்சரியம். பயறு, தானியம், ஆரஞ்சு எல்லாவற்றிலும் இருப்பது, பிசிஓஎஸ்ஸுக்கு அதிகம் விற்பது இதுதான். 2023இல் வந்த சர்வதேச வழிகாட்டியில் இவ்வளவு மூலிகைகளுக்கு நடுவே தனியாகப் பெயர் சொல்லிப் பேசியிருப்பது இதைப் பற்றி: ஆபத்து குறைவு, விரும்பினால் எடுக்கலாம், ஆனால் முட்டை வெளிவருவதற்கோ முடிக்கோ எடைக்கோ பலன் சொற்பம், முடிக்கும் வயிற்றுச் சதைக்கும் மெட்பார்மின் அதைவிட மேல். கையில் காசு கூடுதலாக இருந்து ஏதாவது ஒன்று எடுத்தே ஆக வேண்டும் என்றால் நான் பெர்பெரினைவிட இதைத்தான் சொல்வேன்.


பத்துமலை_அத்தை எழுதியது:

ஐந்து நாள் கொடுத்தால் மருந்து, தினமும் கொடுத்தால் நோய் என்கிறீர்கள், சரி, நம்ம வைத்தியரும் மண்டலக் கணக்கு, பத்தியம் என்று அதைத்தானே சொன்னார். இப்போது யாரும் வைத்தியரிடம் போவதில்லை, யூடியூப் பார்த்துப் பொடி வாங்குகிறார்கள். அது எனக்கும் பிடிக்காது.

மலைவேம்புச் சாறு பற்றி எழுதுங்கள் தம்பி, என் அண்ணன் மருமகள் குடிக்கிறாள்.


ஆய்வுக்கூட_எலி எழுதியது:

அத்தை, அதை நிறுத்தச் சொல்லுங்கள். மலைவேம்பு என்று இரண்டு மூன்று மரங்களை மாற்றி மாற்றிச் சொல்கிறார்கள், அந்த இனத்தில் மீலியா அசடராக் என்பதன் பழம் நரம்பையும் குடலையும் பாதிக்கும் விஷம், ஆடு மாடுகூடச் செத்திருக்கிறது. எந்த மரத்து இலை என்று கையில் வாங்குபவருக்குத் தெரியாது. அதுவும் குழந்தைக்கு முயற்சி செய்பவர்.


பாயான்லெப்பாஸ்_பொண்ணு எழுதியது:

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. எக்ஸ்ஆர் என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது, யாரும் சொல்லவில்லை.

பாட்டிலைப் பார்த்தேன். மால் எண் இல்லை. சீன எழுத்தும் இங்கிலீஷும்தான், ஒரு கேப்சூலில் 1200 மில்லிகிராம் என்று போட்டிருக்கிறது, கேப்சூல் என்னமோ சின்னதாகத்தான் இருக்கிறது. அக்காவிடம் சொன்னால் ரிவியூ எல்லாம் ஐந்து ஸ்டார் என்கிறாள்.

இன்னொன்று, கடைசி மாதவிலக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது. அதற்கு முன்பும் இப்படித்தான். வலி இல்லை, ஒன்றும் இல்லை, அதனால் ஒரு விதத்தில் நிம்மதி என்று விட்டுவிட்டேன். கழற்சிக்காய் சாப்பிட்டால் வந்துவிடும் என்று அம்மா சொல்வதால் ஒரு வாரமாக அதை மட்டும் சாப்பிடுகிறேன்.


மருந்துக்கடை_அண்ணன் எழுதியது:

இதை முதலிலேயே எழுதியிருந்தால் நான் மற்றதையெல்லாம் பிறகு எழுதியிருப்பேன்.

மூன்று மாதத்துக்கு மேல் வராமல் இருப்பதை விடக்கூடாது தங்கச்சி. முட்டை வெளிவராத மாதங்களில் ஈஸ்ட்ரோஜன் கருப்பையின் உள்சுவரைத் தடிக்க வைத்துக்கொண்டே இருக்கும், அதைக் கட்டுப்படுத்தும் புரோஜெஸ்டிரோன் சுரக்காது, உதிரவும் உதிராது. வருடக்கணக்கில் இப்படிப் போனால் அந்தச் சுவரில் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடுகிறது. நாளைக்கே வந்துவிடும் என்று பயமுறுத்தவில்லை, உங்கள் வயதில் அது குறைவு. ஆனால் இதற்குச் சரியான மருந்து இருக்கிறது, சில நாள் புரோஜெஸ்டிரோன் மாத்திரை கொடுத்து உதிர வைப்பார்கள், அல்லது கல்யாணம் வரை கருத்தடை மாத்திரை கொடுப்பார்கள், அது முடிக்கும் பருவுக்கும் சேர்த்தே உதவும். மேலே பேசிய எந்த மூலிகையும் இந்தச் சுவரைப் பாதுகாக்கும் என்று நிரூபிக்கப்படவில்லை. கழற்சிக்காய் சாப்பிட்டு ஒரு முறை வந்துவிட்டால்கூட அது காயால் வந்ததா, தானாக வந்ததா என்று சொல்ல வழியில்லை.

டாக்டரைப் பார்த்துவிட்டேன் என்றீர்கள். பார்த்த இடம் சரியில்லை என்றால் இடத்தை மாற்றுங்கள். கிளினிக் கேசிஹாத்தானில், அரசாங்கக் கிளினிக்தான், ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டினால் போதும், மைசெஜாதெரா செயலியில் அப்பாயின்ட்மென்ட் போடலாம், அங்கிருந்து பினாங்கு பெரியாஸ்பத்திரி மகளிர் பிரிவுக்குக் கடிதம் கேளுங்கள். சர்க்கரை குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் 75 கிராம் டெஸ்ட் செய்தார்களா என்று கேளுங்கள், பிசிஓஎஸ்ஸுக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை மட்டும் போதாது. தைராய்டும் புரொலாக்டினும் பார்த்தார்களா? அவை கெட்டாலும் மாதவிலக்கு நிற்கும், அதையெல்லாம் விலக்கிய பிறகுதான் பிசிஓஎஸ் என்றே சொல்ல வேண்டும்.

பாட்டில் விஷயம். மலேசியாவில் பதிவு செய்த மருந்து என்றால் மால் என்று தொடங்கி எட்டு எண்கள், பிறகு ஓர் எழுத்து. பாரம்பரிய மருந்துக்கு டி, ஆரோக்கியச் சத்துக்கு என். ஹாலோகிராம் ஸ்டிக்கரும் இருக்கும். எண்ணை, மருந்துகளைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான என்பிஆர்ஏவின் இணையதளத்தில் போட்டு, வரும் பெயர் பாட்டிலில் உள்ள பெயர்தானா என்று பாருங்கள், வேறு பொருளின் எண்ணை எடுத்து ஒட்டுபவர்களும் உண்டு. எண்ணே இல்லாதது உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் சோதிக்காதது. மெலிய வைக்கும் “மூலிகை” கேப்சூல்களில் சிபுட்ராமின் என்ற பசியடக்கும் மருந்தும், மூட்டுவலிப் பொடிகளில் டெக்சாமெதசோன் என்ற ஸ்டீராய்டும் கலந்திருந்ததை என்பிஆர்ஏ திரும்பத் திரும்பப் பிடித்திருக்கிறது. டெக்சாமெதசோன் உங்கள் சர்க்கரையையும் எடையையும் ஏற்றிவிடும். ஐந்து ஸ்டார் கொடுத்தவர்கள் இதையெல்லாம் டெஸ்ட் செய்துவிட்டா கொடுத்தார்கள்? போகும்போது பாட்டிலையும் பொடியையும் கையில் எடுத்துப் போங்கள், மறைக்காதீர்கள். திட்டினால் திட்டட்டும்.


புதினா_டீ எழுதியது:

திட்டமாட்டார்கள் தங்கச்சி, எனக்குப் பார்த்த மிஸ்ஸி (நர்ஸ்) பொறுமையாகத்தான் கேட்டார், எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். ஆனால் சீக்கிரம் போ, காலை ஏழரைக்கே வரிசை நிற்கும்.

அம்மாவையும் கூட்டிப் போ. என் அம்மா டாக்டர் வாயால் கேட்ட பிறகுதான் பொடியை விட்டார்.


பாயான்லெப்பாஸ்_பொண்ணு எழுதியது:

அப்பாயின்ட்மென்ட் போட்டுவிட்டேன், திங்கள் காலை, நைட் ஷிப்ட் முடித்து நேராகப் போவேன். அம்மா வருகிறேன் என்றார், கழற்சிக்காயையும் எடுத்து வருவாராம், டாக்டரிடம் அவரே பேசுவாராம். நைட் ஷிப்டில் இடையில் சாப்பிடுவேன், ரத்தம் எடுப்பதானால் என்ன செய்வது? மெட்பார்மின் போடலாமா?


மருந்துக்கடை_அண்ணன் எழுதியது:

சர்க்கரை டெஸ்ட் அன்றைக்கே செய்யமாட்டார்கள், பெரும்பாலும் தேதி கொடுப்பார்கள். இரவு முழுக்க விழித்திருந்துவிட்டு அதைச் செய்வதும் சரியில்லை, லீவ் நாளாகக் கேளுங்கள். முந்தைய இரவு சாப்பிட்ட பிறகு எட்டு மணி நேரமாவது தண்ணீர் மட்டும். மெட்பார்மினை அன்று காலை போடலாமா என்பதை தேதி கொடுக்கும்போது அங்கேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். புரோஜெஸ்டிரோன் கொடுப்பதற்கு முன் கர்ப்ப டெஸ்ட் எடுக்கச் சொல்வார்கள், எல்லாரிடமும் கேட்பதுதான், அம்மா பக்கத்தில் இருக்கிறார் என்று சங்கடப்பட வேண்டாம்.